வாரண்டைக் காட்டுங்க

"மொதல்ல வாரண்டைக் காட்டுங்க. அப்புறம் கேட்டைத் திறக்கிறேன்."

இரும்புக் கம்பிகளுக்கு உள்ளே ரோஷினி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே, சிங்கப்பூரின் பிடோக் பகுதி அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் இரண்டு பேர். கறுப்புச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் ரப்பர் உறை.

"மிஸ், நாங்க போதைப்பொருள் தடுப்புப் பிரிவு. நான் இன்ஸ்பெக்டர் சேவியர்," என்றார் உயரமானவர். "அகிலன் உங்க தம்பிதானே? அவர் பேருக்கு வந்த ஒரு பார்சலைப் பிடிச்சிருக்கோம். வீட்டைச் சோதனை போடணும்."

சோபாவில் பட்டுப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்த சிவகாமசுந்தரிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூத்த மகள் தமன்னாவுக்குக் கல்யாணம். அகிலனோ ராணுவ முகாமில் தேசிய சேவையில் இருக்கிறான்.

"அகிலனா? தலைவலி மாத்திரை முழுங்கவே அழுவானே சார்."

"அம்மா, நீ சும்மா இரு. நிரூபிக்க வேண்டியது அவங்க. நீ எதுக்கு சாட்சி சொல்றே?"

"திறந்து விடுடி. பக்கத்து வீட்டு அமீரா எட்டிப் பார்க்கிறா. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்."

"அதுக்காக யார் கேட்டாலும் திறந்துடறதா? வாரண்ட் இல்லாம என் வீட்டுக் கால்மிதியை மிதிச்சாக்கூட கேஸ் போடுவேன்."

சேவியர் சிரித்தார். "மிஸ், சட்டம் படிக்கிறீங்களா?"

"படிச்சு முடிச்சாச்சு. எங்க குடும்பத்துலேயே டிகிரி வாங்கின முதல் ஆள் நான். அதனால இந்தச் சிரிப்பெல்லாம் என்கிட்ட வேணாம்."

சிவகாமசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "சிராங்கூன் ரோட்டுல பூ கட்டி வித்துப் படிக்க வெச்சேன் சார். இப்போ கறிக்கடையில எலும்பு ஒண்ணு அதிகமா விழுந்தாலும் சட்டம் பேசறா."

"பரவாயில்லைம்மா. கேள்வி கேக்குறது அவங்க உரிமை."

சேவியர் கண்ணைக் காட்ட, குட்டையானவர் கோப்பைத் திறந்தார். வழவழப்பான தாள் ஒன்று கம்பிகளுக்கு இடையே உள்ளே வந்தது. மேலே அரசு முத்திரை, கீழே நீல மையில் கையெழுத்து.

ரோஷினி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மாஜிஸ்திரேட் கையெழுத்தா?"

"ஆமா. காலையில நானே கோர்ட்டுக்குப் போய் வாங்கினேன்."

"எல்லா வீட்டுக்கும் இப்படி வாங்கிட்டுத்தான் போவீங்களா?"

"வாரண்ட் இல்லாம எந்த வீட்டுப் படியையும் நாங்க மிதிக்கிறதில்ல, மிஸ். சட்டம்னா சட்டம்."

ரோஷினியின் முகம் மாறியது. கட்டியிருந்த கைகள் தளர்ந்தன. "சாரி சார். கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்," என்று பூட்டைத் திறந்துவிட்டாள். "உள்ள வாங்க."

"போதைப் பணத்துல வாங்கின நகை ஏதாவது இருந்தா, அதையும் எடுத்துட்டுப் போய்ச் சரிபார்க்கணும்," என்றார் சேவியர்.

"பெட்ரூம் அலமாரியில இருக்கு சார். இன்னிக்குத்தான் லிட்டில் இந்தியா நகைக்கடையிலேருந்து எடுத்துட்டு வந்தோம். தாராளமாப் பாருங்க."

சிவகாமசுந்தரி கையிலிருந்த புடவையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஏண்டி, இவ்வளவு நேரம் புலி மாதிரி உறுமினே. ஒரு தாளைப் பார்த்ததும் நகை இருக்கிற இடத்தை நீயே காட்டுறியே. இதுக்கா படிச்சே?"

ரோஷினி அதைக் காதில் வாங்கவில்லை. "சார், சோதனை நடக்கும்போது வீட்டுக்காரங்க வெளியில நிக்கணும்னு ஒரு விதி இருக்குல்ல?"

சேவியர் ஒரு நொடி யோசித்தார். "இருக்கு, இருக்கு. கட்டாயம் நிக்கணும்."

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோஷினி தாழ்வாரத்துக்கு வந்தாள். இரண்டு பேரும் அறைக்குள் நுழைந்ததும் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திப் பூட்டினாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போலீஸின் அவசர எண் 999-ஐ அழைத்தாள்.

"ரெண்டு பேர். போலீஸ்னு சொல்லிட்டு வந்தாங்க. உள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன். இல்ல, தப்பிக்க மாட்டாங்க. பதினோராவது மாடி."

சிவகாமசுந்தரி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அதிகாரிங்களையே பூட்டுறியே. அகிலன் பேரெல்லாம் சரியாச் சொன்னாங்களே."

"அவனோட ஆன்லைன் பார்சல் வாசல்லயே கிடக்கு. பேரு கொட்டை எழுத்துல இருக்கு. நகைக்கடையிலேருந்து நம்ம பின்னாடியே வந்திருப்பாங்க."

உள்ளிருந்து ஓடிவந்த சேவியர் கேட்டைப் பிடித்து உலுக்கினார். "மிஸ், இது பெரிய குத்தம். மரியாதையாத் திறங்க."

"கத்தாதீங்க. பக்கத்து வீட்ல எட்டிப் பார்க்கிறாங்க."

"நீ கேட்ட வாரண்டைத்தான் கொடுத்தாங்களேடி," என்றாள் அம்மா அழாத குறையாக. "அதுல என்ன தப்புக் கண்டே? முத்திரை இல்லையா, கையெழுத்து இல்லையா?"

"எல்லாமே இருக்கு. அதான் தப்பு," என்று ரோஷினி அந்தத் தாளால் விசிறிக்கொண்டாள். "போதைப்பொருள் தேடி வர்ற அதிகாரிக்கு இந்த ஊர்ல வாரண்டே தேவையில்லம்மா. நியாயமான சந்தேகம் இருந்தாப் போதும், நேரா உள்ள வரலாம். அந்தச் சட்டம் அநியாயம்னு நாலு வருஷம் காலேஜ்ல கத்தியிருக்கேன். நிஜ இன்ஸ்பெக்டரா இருந்தா, 'வாரண்டெல்லாம் கிடையாது, திற'ன்னு சொல்லியிருப்பார். நானும் அவரைத் திட்டிக்கிட்டே திறந்து விட்டிருப்பேன்."