சல்லடையில் விழாதவை

சுழலும் சல்லடையின் துளைகளில் எருவெல்லாம் உதிர்ந்துவிட, துளைக்குள் நுழையாத குச்சியும் கல்லும் பிளாஸ்டிக்கும் பெல்ட்டில் வந்து விழுகின்றன. குப்பையை எருவாக்கும் கொட்டகையின் தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது. பெல்ட்டின் தலைமாட்டில் நிற்கும் பெரியக்கா பிளாஸ்டிக்கைப் பொறுக்க வேண்டும். அடுத்து நிற்கும் நெட்டச்சி கல்லை. மிஞ்சும் குச்சிகள் மட்கப் போட்டிருக்கும் புதுக் குப்பைக் குவியலுக்கே திரும்பிப் போகும், உள்ளே காற்றுப் புகுந்து அது மூச்சுவிட. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்கிறாள் பெரியக்கா. ஆனாலும் மண் படிந்த பை ஒன்று அவள் விரலுக்கடியிலேயே நழுவிப் போகிறது. நெட்டச்சி அதைச் சத்தமில்லாமல் எடுத்துத் தன் கல் வாளிக்குள் திணித்து, மேலே ஒரு கல்லை வைக்கிறாள். பெல்ட் சற்று நிற்கிறது. நெட்டச்சியின் கல் வாளியைக் கொட்ட இன்று பெரியக்கா முந்திக்கொள்கிறாள். கல்லாய்க் கனக்க வேண்டியது பூப்போல மேலே வருகிறது. கல்லுக்கு அடியில் கைவிட்டுப் பார்க்கிறாள், சரசரக்கிறது. "எத்தனை நாளாடி?" "மழைக்கு முன்னாடியிருந்தேக்கா. நீங்க விடுறத மேஸ்திரி பாத்தா உங்களை வேலையவிட்டு நிறுத்திடுவாருல்ல." பெரியக்கா கையுறையை இறுக்கிக்கொள்கிறாள். பெல்ட் மறுபடி உறுமுகிறது. அவள் தன் இடத்துக்குப் போகவில்லை. வாளியைக் கொட்டிவிட்டு வந்து தன் காலடியில் வைத்துக்கொள்கிறாள். "நீ முன்னாடி போய் நில்லு. கல்லு பெருசாத்தானே வரும், அது என் கண்ணுக்குத் தெரியும்."