வீரபாகு சொல்லாத பெயர்

“கடைசி மேட்ச்ல உங்க முழங்காலை உடைச்சது யார் சார்? இன்னிக்காவது பேரைச் சொல்லுங்க,” என்றாள் நிருபர் தீபிகா.

ஒருகாலத்தில் பிரபல கால்பந்து மிட்ஃபீல்டராக இருந்த வீரபாகு பெருந்தன்மையாகச் சிரித்தார். “வேணாம்மா. அவங்களுக்கும் குடும்பம் இருக்குதில்ல? மன்னிச்சிட்டேன்.”

அந்த ஆட்டத்துக்கு மறுவாரம் கால்கட்டோடு ஓய்வை அறிவித்தவர், பத்து வருடமாக இதையே சொல்லிவந்தார். அதற்காகவே நாளை சென்னையில் அவருக்கு ‘பெருந்தன்மை வீரர்’ விருது.

அதே கூடத்தில், கைத்தறிக்கு அடியிலிருந்த தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்த மனைவி தையல்நாயகியின் கை நின்றது.

“என் பேரை எழுதிக்கோம்மா.”

“நாயகி, நீ சும்மா இரு!”

“மேட்ச் முடிஞ்சி இவரு நல்லாத்தான் வீட்டுக்கு நடந்து வந்தாரு. இந்தக் குழியை மூடியிருந்த பலகையை எடுத்தது நான். தான் போட்ட கோலைப் போன்ல பாத்துக்கினே வந்து உள்ள வுழுந்தாரு. நாலு பக்கமும் பாத்து ஆடுறவருன்னு பேரு!”

வீரபாகு கூரையைப் பார்த்தார்.

“அப்ப விருது?” என்றாள் தீபிகா.

“அவருக்கே குடுக்கட்டும்மா. பத்து வருஷமா இதை வெளிய சொல்லாம இருந்தனே, எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லு.”