சுவர்க்காது

ஆதிகாலம் முதல் குழந்தைகளைக் கொன்றுவந்த நிமோனியாவை ஒழித்தது தன் ஸ்க்ரூ டிரைவர்தான் என்று தணிகைவேல் உறுதியாக நம்பினான். குளித்தலையில் வீடு வீடாகச் சுவர்க்காது பொருத்தியவன் அவன்தான். அது குழந்தைகளின் மூச்சை எண்ணும். வேகம் கூடினால் மருந்தோடு நர்சை வரவழைத்துவிடும். மூன்று வருடமாக ஊரில் ஒரு குழந்தைகூட நிமோனியாவில் சாகவில்லை.

சளி பிடித்திருந்த எட்டு மாத மகளின் சட்டையைத் தூக்கி, ஏறி இறங்கும் நெஞ்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள் மனைவி பூங்கோதை.

"அதான் சுவரே எண்ணுதே! நீ என்ன கற்காலத்து ஆளாட்டம்?"

"எனக்கு எண்ணுனாத்தாங்க நிம்மதி" என்றபடி அவள் பால் காய்ச்சப் போனாள்.

"புதுப்பித்தல் நடக்கிறது. ஒரு நிமிடம் பொறுக்கவும்" என்றது சுவர்.

தணிகைவேல் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு மண்டியிட்டு, மகளின் சட்டையை மெல்லத் தூக்கினான்.

"என்னங்க, தூங்கிட்டாளா?"

"பேசாத புள்ள, கணக்கு விட்டுப்போகும்."