எட்டாம் நாள் நுரை

பிள்ளை பிறந்த எட்டாம் நாள், விடிவதற்குள் அதன் தலையை யூக்கா வேரின் நுரையில் அலசி, சூரியனுக்குக் காட்டிப் பேர் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பழங்குடியான ஸூனி ஜனங்களிடம் அது அத்தையின் பொறுப்பு. அதற்காகவே எலோய்ஸ் நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள். மேட்டில் ஏறி வேரைத் தோண்டியதும் அவள்தான். நசுக்கித் தண்ணீரில் போட்டு, கை கடுக்க அடித்தாள். தண்ணீர் கலங்கியதே தவிர ஒரு குமிழிகூட எழவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேட்டில் யூக்கா மாதிரியே வாள்வாளாய் இலைவிட்ட வேறொரு செடியும் உண்டு. இருபது வருஷ நகரவாசத்தில் கண் அதை மறந்துபோயிருந்தது.

"ஆச்சா அண்ணி? கிழக்கு வெளுக்குது," என்று தம்பி மனைவி டெல்ஃபின் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

எலோய்ஸ் கைப்பையைத் திறந்து ஷாம்பு புட்டியை எடுத்தாள். ஒரு சொட்டுதான் விட்டாள். கிண்ணம் நிறைய மேகம்போல நுரை பொங்கியது.

அலசிய பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, சூரியனுக்குத் தூவ மக்காச்சோள மாவை அள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். டெல்ஃபின் குனிந்து பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து நாத்தனாரையே பார்த்தாள்.

"சூரியன் வந்துட்டுது அண்ணி. பேரைச் சொல்லுங்க."

ஒரு வாரமாக உருப்போட்டு வைத்திருந்த பேரைச் சொல்ல எலோய்ஸ் வாயைத் திறந்தாள். காற்றில் ஸ்ட்ராபெரி மணந்தது.