உப்பிலிக்கு ஒரு குடை

நாளிதழின் கடைசிப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் தினமும் வந்த சித்திரத் தொடரின் நாயகன் உப்பிலி, தொடர் கடைசியாக வந்த நாளின் படத்தில் கொட்டும் மழையில் குடையில்லாமல் பஸ்ஸுக்குக் காத்து நின்றான். அன்று மாலையே, அவனை வரைந்த கோமதிநாயகத்துக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்தக் கட்டத்தில் ராசிபலன் போட்டார்கள். ஒன்பது வருடமாக, ஐப்பசி பிறந்தால் எந்த ஊரிலிருந்தாவது யாராவது குடை அனுப்பிவிடுகிறார்கள். அவர் மனைவி தைலம்மைக்கு அவற்றை வைக்கப் பரணில் இடமில்லை.

இந்த முறை ஆளே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையில் உறை பிரிக்காத புதுக்குடை.

"இத விரிச்சுப் பிடிச்சிட்டு வந்திருக்கலாமே?" என்றாள் தைலம்மை.

"உப்பிலிக்கு வாங்கினதுல்லாம்மா? நான் எப்படிப் பிடிக்க?"

அவள் துண்டை எடுக்கத் திரும்பியபோது கட்டிலிலிருந்து கோமதிநாயகத்தின் குரல் வந்தது. மாதக்கணக்காக அவளைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடாத மனிதர்.

"ஏ உப்பிலி, பஸ் இன்னும் வரலியாடே?"

வந்தவர் தைலம்மையைப் பார்த்தார்.

"வந்துட்டு சார். வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கேன்."

"நனையாதடே."

வந்தவர் அவசரமாக உறையைக் கிழித்து, நடுக்கூடத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டையிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் குடையைப் பார்த்தார்.

"அப்பம் நாளைக்கு வரைய ஒண்ணுமில்ல" என்றார்.