ஏழாம் நம்பர் பெட்டி

“ஒரே இடத்துல ஒண்ணே முக்கால் மணி நேரம்! என்ன பண்ணிகினு இருந்தீங்க?”

மொபைலில் பதிவாகியிருந்த வழித்தடத்தைத் தூக்கிக் காட்டினார் ஸ்வர்ணலதா டீச்சர். எதிரே தேசூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆறு சாரணியர் தலைகுனிந்து நின்றார்கள்.

ஆரணியில் மாவட்டச் சாரணர் முகாம். அறுநூறு பிள்ளைகள். அதில் ஜியோகேச்சிங் என்கிற புதையல் வேட்டையை நடத்திக் காட்டுகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவர் ஸ்வர்ணலதாதான். ஊருக்குள் பன்னிரண்டு இடத்தில் பெட்டிகள். மொபைல் காட்டும் இடத்துக்குப் போய்த் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் நோட்டில் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். ஒழுங்காக ஆடிய குழுக்களின் பெயர் மாநில முகாமுக்குப் போகும்.

தினமும் செய்யாரிலிருந்து வந்து போகிறவர், இன்று விடியற்காலை ஐந்தரைக்கே ஸ்கூட்டரில் சுற்றி எல்லாப் பெட்டிகளையும் தானே ஒளித்துவைத்தார். நெசவுத் தெருவில் யாரோ கத்திக் கூப்பிட்டதுபோல இருந்தது. ஏதோ விசாரிக்கிறார்களாக்கும் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டார். நிற்க எங்கே நேரம்?

மற்றபடி எல்லாம் ஜோராகத்தான் நடந்தது. சின்னச் சின்ன பேஜார் இல்லாமலில்லை. வண்டியில் கட்டியிருந்த கொடியைக் காணோம். “எந்த வாலுப் பையன் பிடுங்கினானோ!” என்று உதவிக்கு இருந்த பிரபாகரனிடம் சலித்துக்கொண்டார். அடுத்த பேஜார் இந்த ஆறு பேர். பாதிப் பெட்டியைக் கூடப் பார்க்காமல், கடைசிக் குழுவாக வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

“நீதானே லீடர்? சொல்லு கலைமகள். ஆரணி வந்ததும் பட்டுப்புடவை வேடிக்கை பாக்கணும்னு தோணிடுச்சா?”

“இல்ல மேடம்.”

“பின்ன?”

பக்கத்தில் நின்ற சின்னப்பெண் ஏதோ சொல்ல வந்தாள். கலைமகள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“எங்க தப்புதான் மேடம்.”

“லேட்டா வந்ததைக் கூட மன்னிச்சிடுவேன். மறைக்கிறதை மன்னிக்க மாட்டேன். சாரணருக்கு முதல் விதியே நம்பலாம்கிற பேருதான், தெரியுமில்ல?”

சிவப்புப் பேனாவை எடுத்துப் பட்டியலில் அந்தக் குழுவின் பெயரை அடித்தார். கலைமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இது அவளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். இதை விட்டால் மாநில முகாம் கனவுதான்.

அப்போது கையில் ஏழாம் நம்பர் பெட்டியோடு ஒருவர் வந்தார்.

“நான் எல்லப்பன், நெசவுத் தெரு. ஆட்டம் முடிஞ்சிடுச்சின்னாங்க மேடம், உங்க பொட்டிய குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.” பெண்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “அட, இங்கதான் இருக்கீங்களா! பாவு நல்லபடியா சுருட்டியாச்சும்மா!”

“என்ன பாவு?” என்றார் ஸ்வர்ணலதா.

“தறிக்குப் போறதுக்கு முன்னால தெரு நீளத்துக்கு பட்டு நூலை நீட்டி வைப்போமே, அது. இருட்டோட ஒரு வண்டி ஓரமா பூந்து போச்சு. நூத்தம்பது இழை அறுந்துடுச்சு. கத்தினேன், நிக்கல. வெயில் ஏறதுக்குள்ள ஜல்தியா சேர்த்தாகணும். நானும் சம்சாரமும் ரெண்டே பேரு. வந்த பசங்கல்லாம் நோட்டுல எழுதிட்டு ஓடிட்டாங்க. இதுங்கதான், ‘நாங்க முடிச்சு போடறோம் அண்ணா’ன்னு உட்காந்துச்சுங்க. எங்க நெசவு முடிச்சு இதுங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது மேடம்!”

“முகாம்ல நீங்க கத்துக்குடுத்த ஷீட் பெண்ட் முடிச்சுதான் மேடம் அது,” என்றாள் சின்னப்பெண், அடக்கமாட்டாமல்.

ஸ்வர்ணலதா அடித்த பெயரை அவசரமாக மறுபடியும் எழுதினார். உடனே கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“யாரு அந்த வண்டி? நம்ம முகாம் ஆளா? சொல்லுங்க, இப்பவே பேரைச் சொல்லி எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கிறேன்!” மைக்கைக் கையில் எடுத்தேவிட்டார்.

“முகம் தெரியல மேடம், ஹெல்மெட் போட்டிருந்தாங்க. கழுத்துல உங்கள மாதிரியே ஸ்கார்ஃப். வண்டியிலேர்ந்து ஏதோ ஒண்ணு பாவுல மாட்டிகினு நின்னுச்சு. இந்தப் பொண்ணுதான் எடுத்து பொட்டியில வச்சுது.”

ஸ்வர்ணலதா மைக்கைக் கீழே இறக்கினார். பெட்டி வைக்க முன்பு ஒருநாள் அவர் இடம் பார்க்கப் போன அன்று அந்தத் தெருவில் ஒரு நூல்கூட இல்லையே! அன்று அமாவாசை, தறிக்காரர்களுக்கு லீவு என்பது இப்போதுதான் உறைத்தது.

“மேடம், பெட்டியை அப்புறமா திறங்க. தனியா இருக்கும்போது,” என்று கலைமகள் மெல்லக் கெஞ்சினாள்.

ஸ்வர்ணலதா அங்கேயே திறந்தார். உள்ளே மடித்து வைத்திருந்ததைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நோட்டைப் புரட்டினார். மூடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

பிறகு மைக்கை ஆன் செய்து, அறுநூறு பிள்ளைகளும் கேட்க, கலைமகளின் கையெழுத்தில் இருந்த கடைசி வரியை வாசித்தார்.

“எடுத்தது: எதுவும் இல்லை. வைத்தது: எங்கள் ஸ்வர்ணலதா மேடத்தின் வண்டிக் கொடி.”