மேற்படியார்

"இதாரு மனே, ஏழாவதா ஒராள்?"

ஆய்வுப் போட்டி மண்டபத்தில் பேர் கூப்பிடும்வரை பொழுது போகட்டும் என்று ஆய்வறிக்கையின் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்த ஞானமலர் ரீச்சரின் விரல், கடைசிப் பக்கத்து உசாத்துணை நூல்களின் பட்டியலில் நின்றது.

"மேற்படி, ரீச்சர்," என்றாள் மாணவி மதுஷா.

"அது தெரியுது. ஆரு எண்டுதான் கேக்கன்."

மதுஷா தலையைக் குனிந்துகொண்டாள். "அடிக்குறிப்பில எல்லாம் அந்தப் பேர்தானே ரீச்சர் கூடக் கிடக்கு."

ரீச்சருக்குத் தலை சுற்றியது. மேற்படி என்றால் மேலே சொன்ன அதே நூல் என்று அர்த்தம். அதைப் போய் ஒரு ஆசிரியராக்கி, ஆறு அறிஞர்களுக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார வைத்திருக்கிறாள் பிள்ளை. இன்னொரு பிரதியோ நடுவர் கைக்குப் போய்விட்டது.

போன வருடம் இதே போட்டியில் ரீச்சரின் பள்ளிக்கூடத்து ஆய்வை, மூலங்களை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று மைக்கில் அறிவித்துத் தள்ளினார்கள். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. இந்த முறையும் அப்படி நடந்தால் ஆய்வுப் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்று அதிபர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"ஆதாரம் போடு, ஆதாரம் போடு எண்டு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினனே. இதையா கேட்டன்?"

அதற்குள் மதுஷாவின் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தலைமை நடுவர் வின்சன்ற் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. வாவிக்கரைக் கண்டல் காடுகளைப் பற்றிய அந்த அறிக்கையை விரித்தவர், நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போனார். ஆறு பேர்களுக்கும் வரிசையாகத் தலையாட்டினார். ஏழாவதில் நின்றார். முன்வரிசையில் இருந்த ரீச்சர் கர்த்தரைக் கூப்பிட்டார்.

"மேற்படி," என்று உரக்க வாசித்தார் நடுவர். "இவர எங்க தேடிப் பிடிச்சீங்க மகள்?"

"புத்தகங்களிலதான் சேர்."

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் இவர வாசிக்கிறதே பெரிய விசயம்." அவர் பக்கத்தில் இருந்த மற்ற இரு நடுவர்களிடம் திரும்பினார். "எனக்கு நல்ல பழக்கம். கல்குடாவில ஒருக்கா ஒண்டா இருந்து சாப்பிட்டிருக்கம். பெருமை இல்லாத மனுசன். செத்தவீட்டுக்குத்தான் போகக் கிடைக்கல்ல."

அவர்களும் துக்கத்தோடு தலையாட்டினார்கள். ஒருவர், "நல்ல மனுசர் எல்லாம் போயிட்டாங்க," என்றார்.

முதற்பரிசு மதுஷாவுக்கு.

வெளியே வாகை மரத்தடிக்கு வந்ததும் ரீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பயம் விட்ட சிரிப்பு, நிறுத்த முடியவில்லை.

"செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கல்லயாம். ஒரு பக்கமும் வாசிக்காமத் தீர்ப்புச் சொல்ற மனுசன். வெக்கமில்லாம எப்பிடித்தான் இப்பிடி இருக்காங்களோ. உன்ட அறியாமையையும் கர்த்தர் ஆசீர்வதிச்சிட்டார் மனே."

"மேற்படி எண்டா என்ன எண்டு எனக்குத் தெரியும் ரீச்சர். வாசிக்கிறாங்களா எண்டு பார்க்கத்தான் போட்டன்."

"அடி கள்ளி, நடுவரையே மாட்டிவிட்டுட்டயே."

மதுஷா பரிசுக் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அவருக்குப் போடல்ல ரீச்சர், உங்களுக்குத்தான் போட்டன். நீங்க 'முழுவதும் வாசித்துத் திருத்தினேன்' எண்டு கையெழுத்து வெச்சுத் தந்திட்டீங்க, அதுக்குப் பிறகு நான் எப்பிடி அழிக்கிற?"